முட்டி மடங்காத ஃபாங் சிலையை நான் ஒத்துக்க மாட்டேன்!

ஹாய் மக்களே! இன்னைக்கு வரையற வீடியோ இல்ல, திட்டுற வீடியோ. இந்தா, கேமராகிட்ட கொண்டு வர்றேன், நல்லா பாருங்க. ஆன்லைன்ல வாங்கினது. கடை பேரு சொல்ல மாட்டேன், கேக்காதீங்க. ‘ஃபாங் மூதாதையர் சிலை, அசல் பாணி’ன்னு போட்டிருந்தான். 64 டாலர். சரி, போகட்டும். ஷிப்பிங் 29 டாலர்! ஒரு முழம்கூட இல்லாத கட்டைக்கு! திருப்பி அனுப்புற செலவும் நம்ம தலையிலதானாம். இந்தக் காசுக்கு எவ்வளவு சார்கோல் வாங்கியிருப்பேன்னு உங்களுக்கே தெரியும்.

காசை விடுங்க. நான் விடமாட்டேன், நீங்க விடுங்க. காலைப் பாருங்க. அட்டென்ஷன்ல நிக்குது! ஃபாங் சிலைன்னா முட்டி மடங்கியிருக்கணும். மத்திய ஆப்பிரிக்காவுல காபோன், ஈக்குவடோரியல் கினி, தெற்கு கேமரூன் பக்கம் இருக்குறவங்க ஃபாங் மக்கள். அந்தக் காலத்துல செத்துப்போன குலத்துப் பெரியவங்களோட மண்டையோட்டை மரப்பட்டையில செஞ்ச உருளைப் பெட்டியில வச்சுக் கும்பிடுவாங்க. அந்த வழிபாட்டுக்குப் பேரு பியேரி. சிலை அந்தப் பெட்டி மேல உக்காந்து காவல் காக்கும். பல சிலைகளுக்குப் பின்பக்கம் ஒரு குச்சி நீட்டிக்கிட்டிருக்கும், அதைப் பெட்டிக்குள்ள செருகிடுவாங்க. மண்டையோடுதான் முக்கியம், சிலை வெறும் காவல். 19ஆம் நூற்றாண்டுல இடம் மாறிக்கிட்டே இருந்த ஜனம் அது. ஊரை மாத்தினா பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடலாம். இதைச் செஞ்சவன், மியூசியம் ஸ்டாண்டுல சிலை பெட்டியில்லாம நிக்குறதைப் பாத்துக் காப்பி அடிச்சிருக்கான்.

அடுத்து முகம். நெத்தி உருண்டையா, பெருசா முன்னாடி தள்ளணும். புருவத்துக்குக் கீழ நுங்கை விரலால நோண்டின மாதிரி குழிஞ்சு, கடைசியில வாய் மட்டும் வெளிய வரணும். முன்னாடி இருந்து பாத்தா இதய வடிவம். ஆனா பக்கவாட்டுல பாக்கணும், அங்கதான் விஷயமே. நியூயார்க் மெட் மியூசியத்துல ‘கிரேட் பியேரி’ தலையை வரைஞ்சேனே, ஞாபகம் இருக்கா? சிற்பி ஜேக்கப் எப்ஸ்டைன் வச்சிருந்தது, ஒன்றரை அடி உயரம். நெத்தியிலிருந்து தாடை வரைக்கும் ஒரே கோடு, ரப்பரே தொடல! இதோ பாருங்க. கிட்ட காட்டறேன். இந்த இடம், மூக்குக்குக் கீழ திரும்புது பாருங்க, இங்க. சரி சரி, போதும்.

உடம்பு இன்னும் விசேஷம். பெரிய தலை, குட்டைக் கால், துருத்தின தொப்புள்னு அளவெல்லாம் கைக்குழந்தை. தோளும் தொடையும் வஸ்தாது! செத்த பாட்டனையும் பொறந்த பிள்ளையையும் ஒரே மரத்துல செதுக்கியிருக்காங்க. ஃபாங் மக்களோட தங்கி ஆய்வு பண்ண ஜேம்ஸ் ஃபெர்னாண்டஸ் 1966ல ஒரு கட்டுரை எழுதினார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமமா எதிர்த்து நின்னாத்தான் சிலைக்கு உயிர் இருக்கும்னு அவங்க நினைக்கிறாங்கன்னு சொல்றார். என் 64 டாலர் சிலைக்கு ஒரு தோள் இறங்கிக் கிடக்குது.

ஆ, ‘எல்லாம் ஒரே மாதிரிதானே’ன்னு சொல்றவங்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். ஃபாங் சிலைகளை ஆய்வு பண்ண லூயி பெருவா, தலை, உடம்பு, கால் மூணோட விகிதத்தையும் அளந்து பாணி பாணியா பிரிச்சிருக்கார். வடக்குப் பக்கம் உடம்பு நீண்டு ஒல்லியா இருக்கும், தெற்குல குட்டையா திரண்டு இருக்கும். எனக்குத் தெற்குதான்.

ஐயோ, எண்ணெயைச் சொல்லவே இல்ல! இதுல கறுப்பு பாலிஷ் அடிச்சு வச்சிருக்கான், கையில ஒட்டுது. அசல்ல பாமாயில் தடவித் தடவி வந்த பளபளப்பு. மியூசியத்துக்குப் போன பிறகும் சில சிலைகள்ல எண்ணெய் கசியுது. சில சிலைகளுக்குக் கண்ணுல பித்தளை வேற பதிச்சிருப்பாங்க.

இன்னொண்ணும் இருக்கு. புதுசா வழிபாட்டுக்குள்ள சேர்றவங்களுக்குச் சடங்கு நடக்கும்போது, சிலையைப் பெட்டியிலிருந்து கழட்டி, திரைக்கு மேல பொம்மலாட்டமா ஆட விடுவாங்க! ஸ்பாட்லைட் போட்டு நிறுத்தி வச்சிட்டு ‘அமைதியின் வடிவம்’னு உருகுறவங்க இதை முதல்ல படிங்கப்பா.

பேட்டரி சிவப்பு காட்டுது. அடுத்து ஃபாங்லயே மபேயாங்கிற பாணி சிலை வரையப்போறேன். அது ஒல்லி, எனக்குப் பிடிக்காது, ஆனா நிறைய பேர் கேட்டுட்டீங்க.