பெரிய வீட்டுக்குப் பின்னால்

எல்லோருக்கும் வணக்கம்.

பள்ளி விடுமுறை வரப்போகிறது. அட்லாண்டாவில் இருக்கிற நம்மில் பாதிப் பேர் டெஸ்டின் கடற்கரைக்கோ நியூ ஆர்லியன்ஸுக்கோ காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். இரண்டுக்குமே பெரும்பாலும் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி வழியாகத்தான் போகிறோம். பெட்ரோல் போட்டு, காபி வாங்கிக்கொண்டு, ஊரைப் பார்க்காமலே தாண்டிவிடுகிறோம். நானும் ஆறு வருடம் அப்படித்தான் தாண்டினேன். இந்தக் கோடையில் நீங்கள் அங்கே இறங்க வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

முதலில், நாங்கள் தவறாகப் பார்த்த ஓர் இடம். பழைய பெருந்தோட்ட முதலாளி ஒருவரின் மாளிகை. இருபுறமும் ஓக் மரங்கள், வெள்ளைத் தூண்கள். வழிகாட்டி ஒரு மணி நேரம் சரவிளக்கையும் வெள்ளித் தட்டுகளையும் பற்றிப் பேசினார். அதையெல்லாம் துடைத்தவர்களைப் ‘பணியாளர்கள்’ என்றார். என் பத்து வயது மகள் கையை உயர்த்தி, “அவங்களுக்குச் சம்பளம் எவ்வளவு?” என்று கேட்டாள். “கிடையாது” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். அந்த ஒரு சொல்லுக்குள் இருந்ததைத் தேடித்தான் அடுத்த வருடம் லூயிசியானாவில் உள்ள விட்னி என்ற பழைய கரும்புத் தோட்டத்துக்குப் போனோம்.

2014 இறுதியில் மக்களுக்குத் திறக்கப்பட்ட இடம் அது. அங்கே கதை முதலாளியுடையது அல்ல, அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுடையது. நாங்கள் போனபோது ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். சிறுவயதில் அடிமையாக இருந்து, முதுமையில் தன் நினைவுகளைச் சொல்லிப்போன ஒருவரின் பேச்சு அதில் இருக்கும். தேவாலயத்துக்குள் அந்தக் குழந்தைகளின் சிலைகள் ஆளுயரத்தில் நிற்கின்றன. வெளியே, இரும்புக் கொப்பரைகள்.

அந்தக் கொப்பரைகளுக்கு முன்னால்தான் என் கால் நின்றுவிட்டது. அம்மாவின் ஊரில் வெல்லம் காய்ச்சுகிற கொப்பரையைப் பார்த்து வளர்ந்தவள் நான். பாகு ஒரு சொட்டுத் தெறித்தாலே தோல் கழன்று வரும். இங்கே அடிமைகள் கொதிக்கிற கரும்புச் சாற்றை ஒரு கொப்பரையிலிருந்து அடுத்ததற்கு அகப்பையால் மொண்டு ஊற்ற வேண்டியிருந்தது. அரவைக் காலத்தில் இரவு பகல் கிடையாது. வேண்டாம் என்று சொல்ல உரிமையும் கிடையாது. முதலாளியின் பெரிய வீட்டுச் சரவிளக்கு எதில் வாங்கியது என்று மகளுக்கு நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, மான்ட்கோமரிக்கு வருகிறேன். அங்கே 2018-இல் ஒரு நினைவிடம் திறந்தார்கள். வெள்ளையர் கும்பல்கள் விசாரணையின்றி அடித்தும் தூக்கிலிட்டும் கொன்ற கறுப்பின மக்களுக்கானது. 1877 முதல் 1950 வரை 4,400-க்கும் மேற்பட்டவர்கள். கொலை நடந்த ஒவ்வொரு கவுண்டிக்கும், அதாவது மாவட்டத்துக்கும், துருநிறத்தில் ஓர் எஃகுத் தூண் என்று 800-க்கும் மேல் இருக்கின்றன. உள்ளே நுழையும்போது தூண்கள் நம் கண்ணுக்கு நேராக நிற்கும், பெயர்களைப் படித்துக்கொண்டே நடப்போம். தரை கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும், தூண்கள் மேலே போகும். அப்புறம் நிமிர்ந்து பார்த்தால் அவை தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும். இதே ஊரிலுள்ள அருங்காட்சியகத்தில், அந்தக் கொலைகள் நடந்த இடங்களிலிருந்து எடுத்த மண்ணைக் கண்ணாடி ஜாடிகளில் பெயரெழுதி அடுக்கியிருக்கிறார்கள். செம்மண், கரிசல், மணல் என்று எல்லா நிறத்திலும். சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், என்ன பார்க்கப்போகிறோம் என்பதை முதல் நாளே உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு வேறு இடம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் செல்மா என்ற ஊர். எட்மண்ட் பெட்டஸ் பாலம் நடுவில் உயர்ந்திருப்பதால் உச்சிக்குப் போகும்வரை அக்கரை தெரியாது. 1965 மார்ச் 7 அன்று கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை கேட்டு ஊர்வலமாக நடந்த சுமார் 600 பேருக்கும் அப்படித்தான். மேலே ஏறிய பிறகுதான் தடியோடு காத்திருந்த போலீஸ் வரிசை தெரிந்தது. ஊர்வலத்தை முன்னால் நடத்திப் போன ஜான் லூயிஸின் மண்டையை உடைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 6-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அக்டோபர் 3-இல், நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த குடியேற்றச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். அதற்கு முன்பு இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 இடம்தான். நிறத்தையும் பிறந்த இடத்தையும் வைத்து மனிதரைத் தள்ளக்கூடாது என்று அந்தப் பாலத்தில் அடிவாங்கியவர்கள் நம் கதவையும் சேர்த்துத்தான் தட்டினார்கள். அவர்களால்தான் நாம் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நான் நம்புகிறேன். அதனால் அமெரிக்கத் தெற்கின் வரலாறு யாரோ இரண்டு பேர் சண்டை, நமக்கென்ன என்று யாராவது சொன்னால் எனக்கு மனது வலிக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘வெள்ளையருக்கு’, ‘கறுப்பருக்கு’ என்று தனித்தனியாக எழுதிய தண்ணீர்க் குழாய்களின் படத்தைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர் டீக்கடையின் இரட்டைக் குவளை நினைவுக்கு வந்தது. திரும்பும் வழியில் காரில் வைத்து மகளிடம் அதைச் சொன்னேன். சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் முழுவதும் சொன்னேன். 1959-இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர், தலித் மாணவர்களிடம் அவரை “அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும், நம்மைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர்” என்று அறிமுகப்படுத்தினாராம். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்த பிறகு, ஆமாம், நானும் தீண்டப்படாதவன்தான் என்று ஏற்றுக்கொண்டார்.

இதை அவர் 1965 ஜூலை 4 அன்று எபினேசர் தேவாலயத்தில் சொன்னார். அது இங்கே அட்லாண்டாவிலேயே, ஆபர்ன் அவென்யூவில் இருக்கிறது. பழைய கட்டடத்துக்குள் கிங்கின் பேச்சுப் பதிவு ஒலித்துக்கொண்டிருக்கும், பெஞ்சில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். கட்டணம் கிடையாது. அலபாமா வரை போக இந்த வருடம் லீவு கிடைக்காதவர்கள் ஒரு சனிக்கிழமை அங்கே வாருங்கள். நானும் வருகிறேன், சேர்ந்து போகலாம்.