சிவப்புத் தொப்பிக்காரர்

நடுவர் ஐயா அவர்களே, பொங்கல் விழாவுக்குக் குடும்பத்தோடு வந்திருக்கும் தமிழ்ச் சங்கத்து உறவுகளே, வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் மைதானங்களில் கூட்டம் குறையக் காரணம் ரசிகர்களின் பற்றுக் குறைவா, பல்கலைக்கழகங்களின் பணத்தாசையா என்பது தலைப்பு. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை: இது காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை, ஆளையே முட்டித் தள்ளுகிற ஃபுட்பால். பணத்தாசையே காரணம் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணிச் சகோதரி கணக்கோடு ஆரம்பித்தார். முதல் தரக் கல்லூரி அணிகளின் ஆட்டத்துக்கு 2008இல் சராசரியாக 46,000 பேருக்கு மேல் வந்தார்களாம், 2018இல் அது 42,000க்கும் கீழே போய்விட்டதாம். சரி, ஒப்புக்கொள்கிறேன். அதுகூட அறிவித்த கணக்குதான். வாசலில் உண்மையாக ஸ்கேன் ஆன டிக்கெட் எத்தனை என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை கேட்டு வாங்கிப் பார்த்தது. 2017 சீசனில், அறிவித்த கூட்டத்தில் சுமார் 71 சதவீதம்தான் உள்ளே போயிருந்தது. ஆயிரம் இலைக்குச் சமைத்து எழுநூறு இலை விழுந்த கல்யாணம்!

எதிரணி இதைக் கேட்டுச் சிரிக்கிறது. சிரிக்கட்டும். எனக்கு ஒரு சந்தேகம். பற்று இல்லாதவன் டிக்கெட்டே வாங்கியிருக்க மாட்டானே? காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒருவன் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறான் என்றால், போன தடவை அவனுக்கு அங்கே என்ன நடந்தது?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மகன் படித்த கல்லூரியின் ஆட்டம், செப்டம்பர் மாதம், காலை 11 மணி. அலுமினிய பெஞ்சு, தோசைக்கல் மாதிரி. திடீரென்று ஆட்டம் நின்றது. யாருக்கும் அடி படவில்லை. ஆட்டக்காரர்கள் இடுப்பில் கை வைத்து நிற்கிறார்கள். சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் மைதானத்துக்குள் வந்து நிற்கிறார். யாரப்பா இவர் என்று மகனிடம் கேட்டேன். "டிவிக்காரங்க ஆளுப்பா. அவர் உள்ளே நின்னா விளம்பரம் ஓடுதுன்னு அர்த்தம். அவர் வெளியே போனாதான் ஆட்டம்" என்றான். அன்றைக்கு நான் ஆட்டத்தைப் பார்த்ததைவிடச் சிவப்புத் தொப்பியைப் பார்த்ததுதான் அதிகம். கடிகாரப்படி 60 நிமிட ஆட்டம், நடந்து முடிய மூன்றரை மணி நேரம். விளம்பரம் பார்க்கிற பாக்கியம்கூட எங்களுக்கு இல்லை. அது டிவியில் அல்லவா ஓடுகிறது!

நடுவர் ஐயா, நம்மூர் சினிமா ஷூட்டிங்கில் கூட்டமாக நிற்கிறவர்களுக்குப் பேட்டாவும் உண்டு, சாப்பாட்டுப் பொட்டலமும் உண்டு. இங்கே கூட்டமாக நிற்க நான் காசு கொடுத்திருக்கிறேன், பார்க்கிங்குக்குத் தனியாக.

சீசன் டிக்கெட் என்றால் இன்னும் விசேஷம். பெரிய அணிகளில் நல்ல சீட் வாங்கும் உரிமைக்கே முதலில் நன்கொடை கட்ட வேண்டும். சீட்டுக்கு நன்கொடை நமக்கென்ன புதிதா? பிள்ளைக்கு இன்ஜினீயரிங் சீட் வாங்கியவர்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பீர்கள். முன்பு இந்த ஃபுட்பால் நன்கொடையில் 80 சதவீதத்துக்கு வரிக்கழிவாவது கிடைத்தது. 2017 வரிச் சட்டத்தோடு அதுவும் போச்சு. அப்புறம், ஆட்டம் எத்தனை மணிக்கு? அதை டிவி முடிவு செய்யும். பல ஆட்டங்களுக்கு 12 நாள் முன்னால் தெரியும், சிலவற்றுக்கு 6 நாள்தான். நாலு மணி நேரம் கார் ஓட்டி வருகிறவன் ஹோட்டல் எப்படிப் போடுவான்?

டிவி இப்படி உள்ளே வந்ததும் தானாக இல்லை. நேரடி ஒளிபரப்பு கூடினால் மைதானம் காலியாகிவிடும் என்று தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ கட்டுப்பாடு வைத்திருந்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்டது ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்களின் தரப்பு. 1984இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாட்டை உடைத்தது. எந்த ரசிகனும் கோர்ட்டுக்குப் போகவில்லை, ஐயா.

போட்டி மனப்பான்மையே செத்துவிட்டது என்றார் எதிரணித் தம்பி. ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் நூறு வருஷத்துக்கு மேல் ஆண்டு தவறாமல் மோதிய பங்காளிகள். கல்லூரி அணிகள் கூட்டமைப்பு கூட்டமைப்பாகச் சேர்ந்து தங்களுக்குள் ஆடும். டிவிப் பணம் பெரிதாகக் கிடைக்கும் கூட்டமைப்புக்கு ஓக்லஹோமா தாவியது, 2023 ஆட்டத்தோடு அந்தச் சண்டை நின்றுபோனது. பசிபிக் கரையில் இருக்கிற ஸ்டான்ஃபோர்டு 2024 முதல் அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் ஆடுகிறது. கொச்சி அணியைச் சோழமண்டலக் கடற்கரை லீக்கில் சேர்த்த மாதிரி! ஸ்டான்ஃபோர்டு ரசிகன் வெளியூர் ஆட்டத்துக்குக் காரில் போவானா, கண்டத்தையே தாண்டுவானா?

அலபாமா பல்கலைக்கழக மாணவர்கள் பாதியில் எழுந்து போகிறார்கள் என்று பயிற்சியாளர் நிக் சேபன் 2013இலேயே வருத்தப்பட்டதையும் தம்பி சொன்னார். உண்மைதான். அதற்கு 2019இல் நிர்வாகம் என்ன செய்தது? மாணவன் கடைசிக் கால் பகுதி வரை மைதானத்தில் இருக்கிறானா என்று இருப்பிடத்தைக் கண்காணிக்கும் ஒரு ஆப் கொண்டுவந்தது. இருந்தால் பாயிண்ட். அலபாமா வெயிலில், பல சமயம் எப்போதோ ஜெயித்து முடித்துவிட்ட ஆட்டத்துக்கு உட்கார்ந்திரு என்றால், பாசத்துக்கு ஜிபிஎஸ் கட்டுகிற நிர்வாகத்தை விட்டுவிட்டு அந்தப் பிள்ளைகளையா குறை சொல்வது?

வீட்டில் பெரிய டிவி இருப்பதால்தான் ரசிகன் மைதானத்துக்கு வருவதில்லையாம். மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கிற ஆன் ஆர்பர் ஊர்க்காரர்கள் வீட்டிலும் டிவி இருக்கிறது. கொரோனா வந்த 2020ஐத் தவிர, 1975 நவம்பர் முதல் மிச்சிகன் மைதானத்தில் லட்சம் பேருக்குக் குறைந்து கூட்டம் அறிவித்ததில்லை.

அது ஜெயிக்கிற அணி என்பார்கள். அப்படியானால் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணிக்கு வாருங்கள். 2017 முதல் 2023 வரை ஏழு சீசன், ஒன்றில்கூட பௌல் ஆட்டத்துக்கு, அதாவது நன்றாக ஆடிய அணிகளுக்குச் சீசன் முடிவில் கிடைக்கும் கூடுதல் ஆட்டத்துக்கு, தகுதி இல்லை. 1962 முதல் எல்லா டிக்கெட்டும் விற்றுத் தீர்கிற லிங்கன் நகர மைதானத்தில் அந்தத் தொடர் அப்போதும் அறுபடவில்லை. வசதியானவர்கள் மிச்ச டிக்கெட்டை வாங்கி உதவினார்கள் என்று எதிரணி முணுமுணுப்பது கேட்கிறது. தோற்கிற அணிக்காகத் தன் கைக்காசைப் போடுகிறவனுக்குப் பற்று இல்லை என்றால், வேறு யாருக்கு இருக்கிறது? அதே மைதானத்தில் 2023 ஆகஸ்ட் 30 அன்று பெண்கள் கைப்பந்து வைத்தார்கள். 92,003 பேர் வந்தார்கள்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். புரிகிறது, எனக்கும் சிவப்புத் தொப்பிக்காரர் வந்துவிட்டார். வணக்கம்.