எந்த செல்லுல பாத்தீங்க?

எல்லாருக்கும் வணக்கம். அல்சைமர் மறதி நோய ஆராயறதுக்கு நாங்க வளக்குற செல்லப் பத்திதான் இன்னிக்குப் பேசப் போறேன். ஸ்லைடு எதுவும் கொண்டு வரல. ஸ்லைடு போட்டா நீங்க அதையே பாத்துட்டிருப்பீங்க, நான் பேசுறது காதுல ஏறாது. அதனால வெறும் பேச்சுதான், நடுவுல புரியலன்னா கைய தூக்கிருங்க.

என் தொழில் செல் வளக்குறது. காலைல லேப்புக்குள்ள போனதும் மொத வேலையே இன்குபேட்டர் கதவத் தொறந்து ஒவ்வொரு ஃப்ளாஸ்க்கா எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பாக்குறதுதான். உள்ள 37 டிகிரி சூடு, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. மீடியம், அதாவது செல்லு வளர்ற சத்துத் தண்ணி, நல்ல செவப்பா இருந்தா நிம்மதி. மஞ்சளாயிருந்தா செல்லு எடமில்லாம பெருகி மீடியத்த அமிலமாக்கிருச்சுன்னு அர்த்தம், மஞ்சளோட கலங்கலாவும் இருந்தா பாக்டீரியா பூந்துருச்சு, ப்ளீச் ஊத்தி கும்புடு போட வேண்டியதுதான். ஊதா கலந்த ரோஸா மாறியிருந்தா கேஸ் சிலிண்டர் ராத்திரியே தீந்துபோயிருக்கு, யாரு மாத்தாம விட்டதுன்னு சண்டை ஆரம்பிக்கும்.

அந்த ஃப்ளாஸ்க்குல பாதிக்கு மேல ஹெக் 293-னு ஒரு செல் லைன், அதாவது லேப்புல விடாம பெருகிட்டே இருக்கிற ஒரு செல் பரம்பரை. 1973-ல நெதர்லாந்துல லைடன்ல ஃபிராங்க் கிரஹாம்னு ஒருத்தர், மனுஷக் கருவோட கிட்னிலேருந்து எடுத்த செல்லுக்குள்ள அடினோவைரஸோட டிஎன்ஏவ ஏத்திப் பாத்துட்டிருந்தார். திரும்பத் திரும்ப பண்ணியும் எல்லாம் செத்துச்சு, ஒரே ஒரு கூட்டம் மட்டும் சாகாம வளந்துச்சு. அது அவரோட 293-வது பரிசோதனை, அதனாலதான் அந்த நம்பர். சாதாரணமா நம்ம உடம்பு செல் டிஷ்ல கொஞ்ச நாள் பிரிஞ்சுட்டு நின்னுரும், இது நிக்கவே இல்ல, அம்பது வருஷம் தாண்டி உலகம் பூரா லேப்புகள்ல ஓடிட்டிருக்கு.

மறதி நோயப் பத்தி பேச வந்துட்டு எதுக்கு கிட்னி செல்லப் பிடிச்சுட்டு நிக்கிறேன்னு தோணும். வர்றேன்.

மூளைன்னாலே நமக்கு நியூரான்தான் ஞாபகம் வரும். ஆனா மூளைல மைக்ரோக்லியான்னு ஒரு செல் கூட்டம் இருக்கு, 1919-ல ஸ்பெயின்காரர் பியோ டெல் ரியோ ஒர்டேகா தனியா பிரிச்சு பேர் வச்சது. மூளையோட சொந்த நோய் எதிர்ப்பு செல் இதுதான். சுவாரசியம் என்னன்னா இது மூளைல பொறந்ததே கெடயாது, கரு ரொம்ப சின்னதா இருக்கும்போதே மஞ்சக்கரு பையிலேருந்து கெளம்பி வந்து மூளைல குடியேறிருது, அப்புறம் ஆயுசு பூரா அங்கயேதான். சும்மா உக்காந்திருக்காது, கைகள நீட்டி நீட்டி அக்கம்பக்கத்த தடவிப் பாத்துட்டே இருக்கும், செத்த செல்லு, கொழுப்பு, அமிலாய்டுங்கிற ப்ரோட்டீன் கசடு, எது கெடச்சாலும் விழுங்கிரும். அந்தக் கை தடவும்போது எது குப்பை, எது நல்லதுன்னு சொல்றதுதான் ரிசெப்டர்.

அந்த ரிசெப்டர்கள்ல ஒண்ணு ட்ரெம்2. இதோட கதை மூளைல ஆரம்பிக்கல, எலும்புல ஆரம்பிச்சது. ஜப்பான்லயும் ஃபின்லாந்துலயும் டாக்டருங்க தனித்தனியா ஒரு விசித்திரமான நோயப் பாத்தாங்க, இருபது வயசு சுமாருக்கு கணுக்கால்லயும் மணிக்கட்டுலயும் எலும்பு பொள்ளலாகி ஒடையும், முப்பது முப்பத்தஞ்சுல குணம் மாறும், அப்புறம் மறதி, பெரும்பாலும் அம்பதுக்குள்ள முடிஞ்சிரும். நாசு-ஹகோலா நோய்னு பேரு. 2000-ல சில குடும்பங்கள்ல டாப்12-ங்கிற ஜீன், அப்பா அம்மாகிட்டேருந்து வந்த ரெண்டு காப்பியும் கெட்டிருந்ததக் கண்டுபிடிச்சாங்க, 2002-ல வேற குடும்பங்கள்ல ட்ரெம்2. ரெண்டும் ஜோடி. ட்ரெம்2 வெளிய நின்னு தொட்டுப் பாக்கும், உள்ள சேதி சொல்ல அதுக்கு வாயில்ல, டாப்12-தான் அதுக்கு வாய். எலும்பக் கரைக்கிற செல்லுக்கும் இதே ஜோடி இருக்கு, அதனாலதான் எலும்பும் மூளையும் சேந்து அடிவாங்குது.

இது அபூர்வ நோய், அதோட போயிருக்கும். 2013-ல தான் விஷயம் பெருசாச்சு. ட்ரெம்2-ல 47-வது எடத்துல ஆர்ஜினின்ங்கிற அமினோ அமிலத்துக்குப் பதிலா ஹிஸ்டிடின்ங்கிற வேற ஒண்ணு, அதும் ஒரே ஒரு காப்பில இருந்தாலே, வயசானப்புறம் அல்சைமர் வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட மூணு மடங்குன்னு ரெண்டு குழுக்கள் ஒரே சமயத்துல வெளியிட்டாங்க. ஆர்47எச்னு சொல்லுவோம். அதுவரைக்கும் அமிலாய்டு, டாவ்ங்கிற ப்ரோட்டீன்கள்னு நியூரான் பக்கமே பாத்துட்டிருந்தவங்கல்லாம் திரும்பி மைக்ரோக்லியாவப் பாக்க ஆரம்பிச்சாங்க. இத்தனைக்கும் அல்சைமரே 1907 கட்டுரைல, க்லியா செல்லுக்குள்ள, அதாவது மூளைல நியூரானுக்குத் துணையா இருக்கிற செல்லுக்குள்ள, கொழுப்பு சேந்து கெடக்குதுன்னு எழுதி வச்சிருக்கார். யாரும் பெருசா கண்டுக்கல.

சரி, இப்போ ஹெக் செல்லுக்கு வருவோம். ஹெக் செல்லு மைக்ரோக்லியா கெடயாது, அதுல ட்ரெம்2-வும் கெடயாது. நமக்கு வேண்டியதே அதுதான். காலி வீட்டுல ஒரே ஒரு ஆள குடிவச்சா, அங்க கேக்குற சத்தமெல்லாம் அந்த ஆளோடதுதான்னு சொல்லிரலாம் இல்லயா. அதனால ட்ரெம்2 ஜீனையும் டாப்12 ஜீனையும் சேத்து உள்ள ஏத்துவோம், கூடவே ஆன்டிபயாடிக்க தாங்குற ஜீன் ஒண்ணு. அப்புறம் அந்த ஆன்டிபயாடிக், ப்யூரோமைசின், ஊத்துவோம். ரெண்டு மூணு நாள்ல ஜீன் ஏறாத செல்லெல்லாம் உருண்டையாகி பிச்சிக்கிட்டு மெதக்கும், மைக்ரோஸ்கோப்ல பாத்தா மொத தடவ பாக்குறவங்களுக்கு பகீர்னு இருக்கும், எல்லாம் செத்துருச்சேன்னு. பொறுங்கன்னு சொல்லுவேன். ஒரு வாரம் போனா அங்கங்க நாலு, எட்டுன்னு சின்னக் கூட்டம் ஒட்டிட்டு நிக்கும். அத ஒத்தை ஒத்தையா பிரிச்சு 96 குழி தட்டுல, குழிக்கு ஒரு செல்லுன்னு போடணும். எந்தக் குழில ஒண்ணு இருக்கு, எதுல ரெண்டு விழுந்துச்சுன்னு மறுநாள் உக்காந்து 96-ஐயும் பாக்கணும், கழுத்து போயிரும். அப்படி ஒத்தை செல்லுலேருந்து வளந்ததுதான் க்ளோன்.

டாப்12 இல்லாம ட்ரெம்2 மட்டும் ஏத்தினா சரியா நிக்காது. ட்ரெம்2-வோட நடுப்பகுதில ஒரு லைசின், அது ப்ளஸ் சார்ஜ், டாப்12-ல ஒரு அஸ்பார்டிக் அமிலம், அது மைனஸ், ரெண்டும் செல் சவ்வுக்குள்ள ஒட்டிக்கிட்டாதான் சேதி உள்ள போகும். ட்ரெம்2 எதையாவது பிடிச்சா டாப்12-ல பாஸ்பேட் ஏறும், சிக்-னு ஒரு என்சைம் வந்து ஒட்டும், அப்புறம் பிஎல்சி காமா2-ங்கிற இன்னொரு என்சைம், அப்புறம் செல்லுக்குள்ள கால்சியம் எகிறும். கால்சியம் எகிறினா பச்சையா ஒளிர்ற ப்ரோட்டீன் வர்ற மாதிரி ஒரு ரிப்போர்ட்டர் செல் பண்ணிட்டா போதும். தட்டுல கொழுப்பு பூசி, செல்லப் போட்டு, பச்சை தெரியுதான்னு பாத்தா ட்ரெம்2-க்கு என்ன பிடிக்கும்னு தெரிஞ்சிரும். 2015-ல இப்படி ரிப்போர்ட்டர் செல்ல வச்சுதான் செத்த செல்லோட மேல தெரியிற கொழுப்பெல்லாம் ட்ரெம்2-வ எழுப்புது, ஆர்47எச்-ல அது மங்கிருதுன்னு காட்டினாங்க. அந்த பிஎல்சி காமா2-வுலயே ஒரு மாற்றம் அல்சைமர்லேருந்து காப்பாத்துதுன்னு 2017-ல வந்துச்சு, ஆக மேலயும் கீழயும் ஒரே லைன்ல ஆதாரம் கெடச்சிருச்சு.

இன்னொரு விஷயம் இந்த ஹெக் செல்லுல தெளிவாச்சு. ட்ரெம்2-ல டி66எம், ஒய்38சி-னு ரெண்டு மாற்றம் இருக்கு, ரெண்டு காப்பியும் கெட்டா சின்ன வயசுலயே மறதி வர்றவங்கள்ல பாத்தது. இந்த ரெண்டும் செல்லோட மேல்பரப்புக்கு வந்து சேர்றதே இல்ல, சரியா மடியாம உள்ளயே மாட்டிக்குது. ஆர்47எச் அப்படி இல்ல, மேல வந்து நிக்குது, ஆனா கை சரியா பிடிக்காது. பாத்தீங்களா, ஒரே ஜீன், ஒரு கூட்டத்துக்கு ரிசெப்டர் வெளியவே வர்றதில்ல, இன்னொரு கூட்டத்துக்கு வந்தும் ஒழுங்கா வேல செய்யல. மருந்து யோசிக்கிறவங்களுக்கு இது ராவும் பகலும் மாதிரி. வெளிய வராத ரிசெப்டர எந்த ஆன்டிபாடி, அதாவது ரிசெப்டரப் பிடிச்சுக்கிற மருந்து, போய் தட்டி எழுப்பும்?

இங்கதான் நான் சொல்ல வந்தது. எந்த ரிசல்ட்ட யாரு சொன்னாலும் மொதல்ல கேளுங்க, எந்த செல்லுல பாத்தீங்கன்னு.

எலில பண்ணியிருக்கலாமேன்னு கேப்பீங்க. பண்ணாங்க. ஆர்47எச் மாற்றத்த எலிக்குள்ள வச்சாங்க, ட்ரெம்2 அளவே பாதியாக் கொறஞ்சது, அடேயப்பா இதான் காரணம்னு நெனச்சாங்க. அப்புறம் 2018-ல பாத்தா, எலியோட ஜீன்ல அந்த எழுத்த மாத்தினதுல தப்பான எடத்துல ஆர்என்ஏ வெட்டுப்படுது, அதனாலதான் கொறஞ்சிருக்கு. மனுஷ செல்லுல அந்த வெட்டு நடக்கவே இல்ல. சிடி33-னு இன்னொரு ரிசெப்டர், இது ப்ரேக் மாதிரி வேல செய்யிறது, எலிக்கும் மனுஷனுக்கும் பேரு ஒண்ணு, வேல வேற. அதனால மனுஷ செல் இல்லாம இந்தத் துறைல நகர முடியாது.

ஆனா மனுஷ செல்லுன்னு லேபிள் ஒட்டியிருந்தா போதுமா? சிஎச்எம்இ-5-னு ஒரு லைன், மனுஷ மைக்ரோக்லியான்னு வருஷக்கணக்கா ஓட்டுனாங்க, கட்டுரை மேல கட்டுரை. டிஎன்ஏ பாத்தா அது ராட்-னு சொல்ற பெரிய எலியோடது. எவ்ளோ பேரு உழைப்பு! ஒவ்வொரு லைனுக்கும் டிஎன்ஏ அடையாள டெஸ்ட் எடுக்கிறது ஒண்ணும் பெரிய காரியமில்ல, எடுக்காம விடுறதுக்கு சோம்பேறித்தனத்தத் தவிர எனக்கு வேற காரணம் தெரியல. டிஎச்பி-1-னு இன்னொண்ணு, ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு வயசுக் குழந்தைகிட்டேருந்து 1980-ல வந்தது, சிடி33-யும் இருக்கு, விழுங்கவும் செய்யும், நான் ரொம்ப உபயோகிப்பேன். ஆனா அது புற்றுநோய் செல், மூளையப் பாத்ததே கெடயாது.

அப்போ நிஜ மைக்ரோக்லியாவ எடுத்து வளக்க வேண்டியதுதானேன்னா, ஆபரேஷன்ல கெடச்ச மூளைத் துண்டுலேருந்து எடுத்து டிஷ்ல போட்டா சில மணி நேரத்துலயே அது தன் அடையாளத்த மறந்துருது, எந்த ஜீனெல்லாம் மைக்ரோக்லியான்னு சொல்லுதோ அதெல்லாம் இறங்கிரும். மூளைல இருக்கிற வரைக்கும்தான் அது மைக்ரோக்லியா.

அதனால இப்போ எல்லாரும் போறது ஐபிஎஸ் செல் பக்கம். ஜப்பான் விஞ்ஞானி யமனகா 2006-ல எலியிலயும் 2007-ல மனுஷன்லயும் பண்ணிக் காட்டினது, தோல் செல்ல பழையபடி எதுவா வேணும்னாலும் மாறக்கூடிய நிலைக்கு கொண்டு போறது. அதுலேருந்து கிரிஸ்பர்ங்கிற ஜீன் வெட்டுற கருவிய வச்சு ஒரே ஒரு எழுத்த மாத்தி, மத்ததெல்லாம் அச்சு அசல் ஒண்ணா இருக்கிற ஜோடி பண்ணலாம், ஒண்ணு ஆர்47எச், ஒண்ணு சாதா. அப்புறம் ரெண்டையும் மைக்ரோக்லியாவா மாத்தணும், அதுக்கு மாசத்துக்கு மேல ஆகும், நாள் தவறாம கவனிக்கணும்.

இதுல நான் மாட்டின கதைய சொல்லிடறேன். ட்ரெம்2-வ சுத்தமா எடுத்துட்ட ஒரு க்ளோன் வச்சிருந்தோம். ட்ரெம்2 இல்லாத மைக்ரோக்லியாவுக்கு வளர்ச்சி மருந்த நிறுத்தினா சீக்கிரம் சாகணும். எங்க க்ளோன் சாகல. சாதா செல்லு செத்துட்டிருக்கு, இது ஜம்முனு கைய விரிச்சு உக்காந்திருக்கு. மூணு தடவ பண்ணோம், அதே ரிசல்ட். புதுசா ஏதோ கண்டுபிடிச்சுட்டோம்னு படமெல்லாம் வரைஞ்சு வச்சுட்டேன், எனக்கு ராத்திரி தூக்கமே வரல. கூட வேல பாக்குற ஒரு பொண்ணு, ரொம்ப அமைதியானது, “அண்ணா, 20-வது க்ரோமோசோம் பாத்தீங்களா”ன்னு கேட்டுச்சு. க்ரோமோசோம் டெஸ்ட் பண்ணியாச்சும்மா, நார்மல்னு சொன்னேன். “அதுல இது தெரியாது அண்ணா”ன்னுச்சு. தனியா அந்த எடத்த மட்டும் அளந்து பாத்தா ஒரு சின்னத் துண்டு கூடுதலா இருக்கு. ஐபிஎஸ் செல்லுல அடிக்கடி நடக்குறது, அந்தத் துண்டுல செல்ல சாகவிடாம தடுக்கிற ஜீன் இருக்கு. ட்ரெம்2-வுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஏழு மாச வேல. மொத ஃப்ரீஸ் பண்ணின ஆம்பூல் வரைக்கும் போய்ப் பாத்தோம், அதுலயும் இருந்துச்சு, முதலுக்கே மோசம்.

கை தூக்கியிருக்கீங்க, சொல்லுங்க... ஆமா, நல்ல கேள்வி. இவ்ளோ பண்ணியும் மருந்து வந்துச்சான்னு கேக்குறார். வரல. ட்ரெம்2-வ எழுப்புற ஏஎல்002-ங்கிற ஆன்டிபாடிய ஆரம்ப நெலை அல்சைமர் உள்ளவங்களுக்குக் குடுத்துப் பாத்தாங்க, 2024 நவம்பர்ல ரிசல்ட் வந்துச்சு, நோய் வேகம் கொறையல. அப்போ செல் லைன் பொய் சொல்லிருச்சான்னு நெறய பேர் கேட்டாங்க. நான் அப்படி நெனைக்கல. இந்த ஆன்டிபாடி ரிசெப்டர எழுப்புமான்னு செல்லுகிட்ட கேட்டோம், எழுப்பும்னுச்சு, எழுப்புச்சு. எழுபது வயசு மூளைல, கசடு இருபது வருஷமா சேந்தப்புறம் எழுப்பினா பிரயோஜனம் உண்டான்னு நாம கேக்கவே இல்ல, டிஷ்ல இருக்கிற நாப்பது நாள் செல்லுக்கு அது எப்படித் தெரியும். இப்போ சில பேர் மனுஷ ஐபிஎஸ் மைக்ரோக்லியாவ எலி மூளைக்குள்ளயே குடியேத்தி மாசக்கணக்குல விட்டுப் பாக்குறாங்க, 2019-லேருந்து நடக்குது. எனக்கு அதுமேலதான் நம்பிக்கை, ஆனா அதையும் ஒருத்தர் என்கிட்ட வந்து சொன்னா எந்த லைன், 20-வது க்ரோமோசோம் பாத்தாச்சான்னுதான் மொதல்ல கேப்பேன்.

நேரமாச்சுன்னு பின்னாடி கை காட்டுறாங்க. எங்க இன்குபேட்டர்ல இப்போ புதுசா மூணு க்ளோன் இருக்கு, மூணுலயும் அந்தத் துண்ட அளந்தாச்சு, இன்னிக்கு இருபத்தாறாவது நாள். சாயங்காலம் மீடியம் மாத்தப் போகணும், அதனால மிச்சக் கேள்விய இப்பவே கேட்டுருங்க.