நிசாகந்தி மொட்டு ஏன் கொட்டுது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

இரவில பூக்கிற நிசாகந்திச் செடியைப் பற்றி சாவகச்சேரிப் பக்கத்திலயிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா. "நிசாகந்தி வச்சு 3 வருசம், இலை இலையாத்தான் தள்ளுது. போன மாசம் முதல்முறையா 3 மொட்டு வந்தது. எல்லாரும் பாக்கட்டும் எண்டு விறாந்தையிலயிருந்து ஹோலுக்குள்ள தூக்கி வச்சன், மூண்டும் கொட்டிப்போச்சு. என்ன பிழை?"

நல்ல கேள்வி. அக்கா, தூக்கினதுதான் பிழை. மொட்டு வந்தாப் பிறகு சாடியை அசைக்கக்கூடாது. வெளிச்சம் வாற பக்கம் மாறினாலோ, காத்தில ஈரம் குறைஞ்சாலோ, இந்தச் செடி முதல்ல மொட்டைத்தான் கைவிடும். ஃபானுக்குக் கீழ எண்டால் இன்னும் கெதியாக் கொட்டும். மொட்டு மிளகளவு வந்து பூக்கிறதுக்கு 3, 4 கிழமை எடுக்கும். அவ்வளவு நாளும் அதே இடம், அதே பக்கம். சாடி காயவும் விடாதேங்கோ.

மற்றது, நீங்கள் இலையெண்டு சொல்லுறது இலையில்லை. அது தட்டையான தண்டு. ஓரத்தில வெட்டு வெட்டா இருக்குதெல்லோ, அந்தக் கணுவிலதான் மொட்டு பிறக்கும். வடிவில்லையெண்டு பழைய தண்டுகளை வெட்டி எறிஞ்சால் வரப்போற பூவையும் சேர்த்துத்தான் எறியிறீங்கள்.

இது மரத்தில வாழுற கள்ளி. இதை நான் எத்தனைதரமும் சொல்லுவன். தெற்கு மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கக் காடுகளில மரக்கொப்பில தொத்தி வளருற செடி. கள்ளி எண்டவுடன சாடியில மணலை நிரப்பிக் கொளுத்துற வெயிலில வச்சால் தண்டு மஞ்சளாகிச் சுருங்கும். வெறும் செம்மண்ணில வச்சால் மாரிக்கு வேர் அழுகும். சாடியில நிரப்பிற கலவைக்கு, விரலளவு வெட்டி, 2 நாள் ஊறவிட்டுக் கழுவின பொச்சுமட்டை 2 பங்கு, உடைச்ச சிரட்டைக்கரி 1 பங்கு, உக்கின மாட்டெரு 1 பங்கு போதும். பெரிய சாடி வேண்டாம், வேர் கொஞ்சம் நெருக்கமா இருந்தால்தான் பூக்கும். கிழக்கு யன்னல், காலமை வெயில் 2 மணித்தியாலம். யூரியா போட்டால் தண்டுதான் நீளும், பூ வராது.

உண்மையில என்னட்டைத் தண்ணியைப் பற்றித்தான் கேட்டிருக்கோணும். எங்கட யாழ்ப்பாண நிலம் சுண்ணாம்புக்கல், கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு கூட. ஊத்த ஊத்தச் சாடி விளிம்பில வெள்ளையாப் படியும். வேருக்கு இரும்புச்சத்து எடுபடாமல் புதுத் தண்டு வெளிறிப்போகும். மரக்கொப்பில இருக்கிற செடிக்குக் கிடைக்கிறது மழைத்தண்ணிதானே? ஐப்பசி, கார்த்திகையில கூரைப் பீலியால வாற மழைத்தண்ணியைப் பிடிச்சு வையுங்கோ. முதல் மழையைக் கூரை கழுவ விட்டிட்டு, அடுத்ததைப் பிடிச்சு, நுளம்பு போகாமல் மூடி வைக்கோணும். அது முடிஞ்சு கிணத்துத் தண்ணிதான் எண்டால், மாசத்தில ஒருக்கா சாடிக்கு அடியால ஓடுமட்டும் நிறைய ஊத்தி, படிஞ்சதைக் கழுவி விடுங்கோ. மேல்மண் ஒரு விரற்கணு காய்ஞ்சாப் பிறகுதான் அடுத்த தண்ணி. தட்டில தேங்கின தண்ணியை உடன ஊத்திவிடோணும்.

அடுத்தமுறை மொட்டு வரேக்க அதின்ர கழுத்தைக் கவனியுங்கோ. முதல்ல கீழ தொங்கும், பிறகு கொக்கி மாதிரி மேல வளையும். நுனி வெள்ளையா ஊதிப் பருத்தால் பெரும்பாலும் அண்டைக்கு இரவுதான். 8, 9 மணிக்கு விரியத் தொடங்கி நடுச்சாமத்தில முழுசா விரியும், விடிய வாடிப்போகும். சாடியை உள்ளுக்குக் கொண்டுவராதேங்கோ அக்கா, கதிரையளை விறாந்தைக்குக் கொண்டுபோங்கோ.