கழுதை என்று பெயர் பெற்ற பாட்டுக்காரர்

மேடையில் வீற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, வெயிலைப் பார்க்காமல் வந்திருக்கும் பேரூராட்சி மன்ற உறுப்பினர்களே, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா அவர்களே, ஒலிபெருக்கிக்குக் காசு வேண்டாம் என்று சொன்ன தம்பி அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய பொறியாளர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி. நம் வாய்க்காலின் மதகை அளந்து, ஒரு பைசா வாங்காமல் வரைபடம் போட்டுத் தந்தவர் அவர். அந்த வாய்க்கால் விஷயத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள மாலி நாட்டின் பாட்டுக்காரர் அலி ஃபர்க்கா தூரேயைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். அவர் வாழ்க்கை, அவர் கிதார் வாசித்த விதம், மேயராக அவர் செய்த வேலை என்று மூன்றையும் சொல்ல நினைத்து வந்தேன். ‘ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்’ என்று நான் எந்த மேடையிலும் சொல்வேன். அந்த வார்த்தையை வாழ்ந்து காட்டியவர் இவர்.

முதலில் அந்தப் பெயர். 1939-இல் நைஜர் ஆற்றங்கரையில் கனாவு என்ற சிற்றூரில் பிறந்தார். அவருக்கு முன் அந்தத் தாய்க்கு ஒன்பது ஆண் பிள்ளைகள். ஒன்றுகூடத் தங்கவில்லை. தாய்மார்களே, பத்தாவது முறை வலி எடுத்தபோது அந்த அம்மாவின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! பிள்ளை பிழைத்தது. அதற்கு ‘ஃபர்க்கா’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஃபர்க்கா என்றால் கழுதை. பிள்ளை தங்காத வீட்டில் இப்படி ஏதாவது ஒரு பெயர் வைப்பது அங்கே வழக்கம். நம் பாட்டிமார் மட்டும் என்ன செய்தார்கள்? பிறந்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்புசாமி, குப்பம்மாள் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லிக்கொண்டார்கள். என் பெரியப்பாவின் பெயர் பிச்சை. அவருக்கு முன் இரண்டு பேர் தவறிப்போனதை அப்பத்தா சொல்லி அழுவாள். சகாரா ஓரத்து அம்மாவுக்கும் என் அப்பத்தாவுக்கும் ஒரே பயம், ஒரே ஆசை. கழுதை பிடிவாதமானது, பாரம் சுமக்கும், சீக்கிரம் சாகாது. பின்னாளில் அவரே சொல்வாராம், தான் யாரும் ஏறி உட்கார முடியாத கழுதை என்று.

கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பனார் பிரெஞ்சுப் படையில் இறந்துபோனார். குடும்பம் நியாஃபுங்கே என்ற ஆற்றங்கரை ஊருக்குக் குடிபெயர்ந்தது. பாட்டைத் தொழிலாகக் கொண்ட குலம் இல்லை, வீட்டில் எதிர்ப்பு. ஒற்றைத் தந்தி உள்ள குர்கெல் வாத்தியத்தில் தானாகவே கற்றுக்கொண்டார். வண்டி ஓட்டினார், ஆற்றில் நோயாளிகளை ஏற்றிச் செல்லும் படகு ஓட்டினார், மாலி வானொலியில் ஒலிப்பதிவு வேலை பார்த்தார். சொந்தமாகக் கிதார் வாங்கியது 1968-இல், பல்கேரியாவின் சோஃபியா நகரத்தில். அதுவரை இரவல் கிதார்தான். ஒற்றைத் தந்தியில் பழகிய விரலை அப்படியே கிதாருக்குக் கொண்டுவந்தார். சொங்காய், ஃபுலா, தமாஷெக், பம்பாரா எனப் பல மொழிகளில் பாடினார். வாசிப்பின் நுணுக்கத்தை டீச்சரம்மா இன்னொரு நாள் பேசினால்தான் நன்றாக இருக்கும்.

அமெரிக்கக் கிதார் கலைஞர் ரை கூடருடன் சேர்ந்து 1994-இல் வெளியிட்ட தொகுப்புக்கு கிராமி விருது கிடைத்தது. உலகம் கூப்பிட்டது. அவரோ வயலுக்குப் போனார்! தன்னை விவசாயி என்றுதான் சொல்லிக்கொள்வார். அடுத்த தொகுப்புக்கு அவர் வெளியே வராததால், பதிவுக் கருவிகள் நியாஃபுங்கேவுக்குப் போயின. ஒரு பாழடைந்த கட்டடம், ஜெனரேட்டர் மின்சாரம். அவர் வயல் வேலை முடித்து வரும்வரை காத்திருந்து பதிவு செய்தார்கள். 1999-இல் அது அந்த ஊரின் பெயரிலேயே வெளிவந்தது. ஆறில்லா ஊருக்கு அழகு பாழ் என்று நாம் சொல்கிறோம். அந்த ஆறு இல்லாவிட்டால் அவருக்குப் பாட்டே இல்லை.

2004-இல் அந்த ஊருக்கே மேயரானார். சாலை போட, கழிவுநீர்க் கால்வாய் வெட்ட, ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றத் தன் கைக்காசைச் செலவழித்தார். மன்ற உறுப்பினர்களே, இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். நம் வாய்க்கால் தூர் வாரி ஒன்பது ஆண்டு ஆகிறது. நான் மனு கொடுக்காத அலுவலகம் இல்லை. நிதி இல்லை என்றே பதில். கடைமடையில் நாற்று கருகுகிறது. பாட்டுக்குக் கிடைத்த பணத்தை ஊருக்குக் கொட்டிய மனிதரைக் கொண்டாட நாம் கூடியிருக்கிறோம். நம் கையில் மண்வெட்டியாவது இருக்கிறதே!

அதே நாட்டின் கோரா என்ற தந்தி வாத்தியக் கலைஞர் தூமானி ஜபாத்தேயுடன் செய்த தொகுப்புக்கு 2006-இல் இரண்டாவது கிராமி வந்தது. சில வாரங்களில், மார்ச் மாதம், எலும்புப் புற்றுநோயால் மாலியின் தலைநகர் பமாகோவில் காலமானார். நியாஃபுங்கேவிலேயே அடக்கம் செய்தார்கள்.

சரி, வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு மதகடியில் கூடுகிறோம். பொறியாளர் ஐயா அளவுக் குச்சி நடுவார். பெண்களுக்குத் தனிக் குழு உண்டு, டீச்சரம்மா ஒப்புக்கொண்டுவிட்டார். தம்பி ஒலிபெருக்கி கொண்டு வருகிறார். நியாஃபுங்கேயில் பதிவான அந்தப் பாட்டுகளை நான் எடுத்து வருகிறேன். வேலை முடியும்வரை அவை ஓடட்டும்.