மழைக்காலமும் லென்ஸ் பூஞ்சையும்: கேமரா வைத்திருப்போர் கவனத்திற்கு

வணக்கம் நண்பர்களே. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதால், புதிய கேமராக்களைப் பற்றிய பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் கேமரா வைத்திருக்கும் அனைவரையும் பாதிக்கக்கூடிய லென்ஸ் பூஞ்சையைப் பற்றி இன்று பேசுகிறேன்.

என் கையிலுள்ள இந்த 50 எம்எம் லென்ஸைப் பாருங்கள். திருமணப் படப்பிடிப்பை நிறுத்திவிட்ட நண்பர் ஒருவர், தோல் உறையோடு பீரோவில் பூட்டி வைத்திருந்த லென்ஸ் இது. நேராகப் பார்த்தால் பளிச்சென்றுதான் இருக்கிறது; பின்பக்கத்திலிருந்து டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்தால், உட்புறக் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலை போன்ற இழைகள் கிளைவிட்டுப் பரவியிருப்பது தெரிகிறது.

பூஞ்சை வித்துகள் காற்றில் எங்கும் இருப்பதால், அவை லென்ஸுக்குள் நுழைவதை நம்மால் தடுக்க முடியாது. தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் அவற்றுக்கு உணவாகின்றன. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டிப் பல நாட்கள் நீடித்தால் அவை வளரத் தொடங்குகின்றன. வளரும்போது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடுவதால், பிறகு பூஞ்சையைத் துடைத்து எடுத்தாலும் தழும்பு நின்றுவிடும். ஓரத்திலுள்ள சிறு புள்ளி படத்தில் தெரியாது என்பது உண்மைதான். பரவிவிட்டால் படம் வெளிறும், விளக்கொளிக்கு எதிரே எடுத்த காட்சிகளில் புகை மூட்டம் படியும்.

ஆகவே ஈரத்தைக் கட்டுப்படுத்துவதே ஒரே வழி. 40 முதல் 50 விழுக்காடு வரை ஈரப்பதத்தை நிலையாக வைக்கும் டிரை கேபினெட் வாங்க முடிந்தால் மிகவும் நல்லது. இயலாதவர்கள், ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல்லையும் ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டரையும் வைத்தாலே போதும். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால், அதை டப்பாவுக்குள் வைக்காதீர்கள்.

ஏசி அறையிலிருந்து நேரே வெளியே செல்வதிலும் ஆபத்து உண்டு. வெளியே 32 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், ஏறத்தாழ 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தக் கண்ணாடியிலும் நீர் படியும். 24 டிகிரி அறையில் இருந்த லென்ஸ் உடனே நீர் படிந்து மங்கிப்போவது இதனால்தான். கேமராவைப் பைக்குள்ளேயே வைத்து, ஜிப்பைத் திறக்காமல், வெளிவெப்பத்துக்கு அது பழகும் வரை பொறுத்திருங்கள். நீர் படிந்திருக்கும்போது லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள், ஏனெனில் அதே ஈரம் படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரிலும் படியும்.

துடைப்பதற்கு முன்னால் கைப்பம்பு புளோயரால் தூசியை ஊதிவிடுங்கள். கடற்கரை மணலின் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும், துணி அதை இழுத்துக்கொண்டுபோய்ப் பூச்சில் கீறல் போட்டுவிடும். லென்ஸ் துடைக்கும் திரவத்தை மைக்ரோஃபைபர் துணியில்தான் விட வேண்டும். கண்ணாடியில் நேரடியாக விட்டால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும்.

சிலிகா ஜெல் வாங்கும்போது, நீல நிற வகையில் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் குளோரைடு சேர்ந்திருக்கும் என்பதால், குழந்தைகள் இருக்கும் வீடுகளில் அதைத் தவிர்த்து, கோபால்ட் இல்லாத ஆரஞ்சு நிற வகையைக் கேட்டு வாங்குங்கள்.