சக்கரத்துக்குள் ஒரு தகடு

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பேசுவதற்கு எவ்வளவோ உண்டு. நான் ஒரே ஒரு தகட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். முன்சக்கர டிஸ்க் பிரேக்குக்குப் பின்னால், உட்பக்கமாக நிற்கும் மெல்லிய இரும்புத் தகடு அது. பட்டறையில் டஸ்ட் கவர் என்பார்கள். சிலர் வெறுமனே தகரம் என்பார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் நான்கு பேர் சேர்ந்தால், அதைக் கழற்றிவிடலாமா என்ற பேச்சு வராமல் இருப்பதில்லை. கழற்றக் கூடாது, நம் காவிரிப் படுகையில் கழற்றவே கூடாது என்பது என் கட்சி.

டிஸ்க் பிரேக்கை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தில் துளைகளோடு பளபளக்கும் வட்டத் தட்டுதான். பிரேக் பிடித்தால் இரண்டு கட்டைகள் அந்தத் தட்டை இருபுறமும் கவ்வுகின்றன. காரிலும் இதே ஏற்பாடுதான். ஆனால் மோட்டார் சைக்கிள் தட்டு பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. காரின் தட்டு வார்ப்பிரும்பு. ஓர் இரவு மழையில் நனைந்தால் காலையில் காவி பூசியதுபோல் துரு பூத்திருக்கும். அதன் வெளிமுகத்தைச் சக்கரம் மறைத்துக்கொள்கிறது. உள்முகத்துக்கு இந்தத் தகடு ஒன்றுதான் மறைப்பு. உள்முகம் என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; திரும்பத் திரும்ப அங்கேதான் வரப்போகிறேன்.

ஏன் கழற்றுகிறார்கள்? பந்தயத்தைப் பார்த்துத்தான். 1953-இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வென்றது. அதன் பிறகுதான் சாதாரணமாக விற்கும் கார்களுக்கும் அது பரவியது. பந்தயத்தில் பிரேக் பழுக்கக் காய்ந்துவிடும்; காற்றோட்டத்துக்காகத் தகட்டைக் கழற்றுவார்கள். சென்னைக்கு அருகே சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் பந்தயம் நடந்த காலத்திலும் சரி, 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் வந்த பிறகும் சரி, தேவைப்பட்டவர்கள் கழற்றியிருக்கிறார்கள். ஆனால் முறையாகச் செய்கிற பந்தயக்காரர் தகட்டைக் கழற்றிய இடத்தை வெறுமனே விடமாட்டார். முகப்பிலிருந்து ஒரு காற்றுக் குழாயை டிஸ்க்கின் நடுவுக்குக் கொண்டுவந்து வைப்பார். ஓட்டம் முடிந்ததும் சக்கரத்தைக் கழற்றிக் கட்டைகளைப் பார்ப்பார். நாம் அவரிடமிருந்து கழற்றுவதை மட்டும் கற்றுக்கொண்டோம்.

நம் ஊரில் பிரேக் அவ்வளவு சூடாகிறதா? ஆட்களோடு சேர்த்து ஆயிரம் கிலோ எடையுள்ள சிறு கார் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால் பிறக்கும் சூடு, முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரு வீட்டின் காலை டிகாக்‌ஷனுக்கு ஆகும் தண்ணீர். அந்தச் சூட்டைக் கனத்த வார்ப்பிரும்புத் தட்டுகள் பங்கிட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த ஊர் வருவதற்குள் காற்றில் விட்டுவிடும். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வரை மேடு என்று எது இருக்கிறது? ஆற்றுப் பாலத்தின் ஏற்றம்தான் நமக்கு மலை. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தால் பிரேக் முழுதாக ஆறியே போய்விடும். எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலையில் இறங்கினால் கதை வேறு. அங்கேயும் கியரைக் குறைத்து இறங்குவதுதான் மருந்து.

இனி என் கார். 1967-ஆம் ஆண்டு எம்.ஜி.பி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், சித்தப்பா வைத்திருந்து எனக்கு வந்தது. ஒருமுறை முன்சக்கர பேரிங் மாற்றக் கும்பகோணத்தில் பட்டறையில் விட்டேன். கட்டைகளைத் தாங்கும் காலிப்பரைக் கழற்றி, சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப்பை இழுத்தால், அதோடு டிஸ்க்கும் வந்துவிடும். அப்போதுதான் தகடு முழுதாகக் கண்ணுக்குத் தெரியும். விளிம்பு துருவேறிச் சிப்ஸ்போல் உதிர்ந்தது. எடுத்தே விடுங்கள் அண்ணே, காற்றாவது போகும் என்றேன். “இருக்கட்டும் தம்பி, காரணம் இல்லாமலா வைத்திருக்கிறான்?” என்றார் மெக்கானிக். நான் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் எடுத்தாயிற்று.

ஐப்பசி மழையில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. தண்ணீர் நின்ற சாலையைத் தாண்டினால் முதல் மிதிக்குப் பிரேக் சற்றுத் தாமதமாகப் பிடிக்கும், கார் லேசாக இடப்பக்கம் இழுக்கும், அவ்வளவுதான். பிறகு பங்குனி வந்தது. நம் பக்கத்தில் பங்குனியில் சாலை எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சம்பா அறுத்த வயலில் தெளித்த உளுந்தைப் பிடுங்கி வந்து தார்ச்சாலையில் பரப்பியிருப்பார்கள்; போகிற வண்டியெல்லாம் ஏறினால் காய் உடைந்து பயறு உதிரும். திருத்துறைப்பூண்டியிலிருந்து மன்னார்குடிக்கு வரும் வழியில் அப்படி நாலைந்து இடம். மன்னார்குடி நெருங்கும்போது தீய்ந்த வாடை அடித்தது. அடுப்பில் சருகு கருகுவதுபோல.

வீட்டுக்கு வந்து புங்கமரத்தடியில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்க்கின் வெளிமுகம் கண்ணாடிபோல் இருந்தது. நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் அதே மெக்கானிக் வந்தார். வெளிமுகத்தை அவர் பார்க்கவேயில்லை. கையைப் பின்னால் விட்டு உள்முகத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தார். கர், கர் என்று நகம் பள்ளத்தில் விழுந்து எழுந்த சத்தம் எனக்கும் கேட்டது. பிறகு என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். கிராமபோன் தட்டைத் தொட்டதுபோல வரிவரியாகக் கீறல். காலிப்பர் இடுக்கில் உளுந்தங்கொடியின் தண்டு ஒன்று கரியாகிச் சிக்கியிருந்தது. வெளிக்கட்டை அரை விரல் கனம் இருக்க, உள்கட்டை ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஒரு மழைக்காலம், ஒரு உளுந்து அறுவடை, அவ்வளவுதான் ஆகியிருந்தது. வண்டல் காய்ந்தால் அதிலுள்ள நுண்மணல் உப்புத்தாள் மாதிரி. டயர் வாரி இறைத்ததெல்லாம் நேராக உள்முகத்தில் போய் ஒட்டியிருக்கிறது.

தகடு இருந்தாலும் தண்டு சிக்காது என்று நான் சொல்லமாட்டேன், சிக்கும். பரப்பிய உளுந்திலோ வைக்கோலிலோ ஏறி வந்தால் இறங்கிக் குனிந்து பார்ப்பது நல்லது. ஆனால் சேறும் மணலும் அந்த முகத்துக்குப் போகாமல் தடுப்பது தகடுதான். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து நேயர்களுக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. இன்னொரு காரியமும் அது செய்கிறது. டிஸ்க்கின் அனல் ஸ்டியரிங் மூட்டின் ரப்பர் உறையில் நேரே படாமல் மறைக்கிறது. என் காரில் அந்த உறையும் வெடித்துக் கிரீஸ் கசிந்திருந்தது.

சிலர் சத்தம் தாங்காமல் கழற்றுகிறார்கள். டிஸ்க்குக்கும் தகட்டுக்கும் இடையில் சிறு ஜல்லி மாட்டினால் காது கூசும் அளவுக்குக் கிறீச்சிடும். சக்கரத்தைக் கழற்றி, தகட்டின் விளிம்பைக் கையால் மெல்ல வளைத்தால் ஜல்லி விழுந்துவிடும். அதற்காகத் தகட்டையே எடுப்பது, கதவு கிறீச்சிடுகிறது என்று கதவைக் கழற்றிப் போடுவதுதான். கம்பிச் சக்கரம் வழியே பார்க்க அழகாக இருக்கும் என்று கழற்றுபவர்களும் உண்டு. அவர்களோடு எனக்கு வழக்கில்லை, மழையில் ஓட்டாமல் இருந்தால் போதும்.

துருவேறியிருந்தால் புதிது வாங்கலாம். இல்லையென்றால் பழையதை அச்சாக வைத்துத் தகர வேலை செய்பவரிடம் வெட்டிக்கொள்ளலாம். எனக்கு அப்படித்தான் செய்து தந்தார்கள். துளைகள் இம்மி பிசகக் கூடாது. மாட்டியபின் டிஸ்க்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இருபுறமும் துரு தடுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும்.

பிரேக் ஆயிலைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். பிரேக் சூடாகிறது என்று பயப்படுபவர்கள் முதலில் ஆயிலை மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்து ஆயிலுக்கு விதித்திருக்கும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் 140. நம் ஊர்க் காற்றில் இரண்டு ஆண்டுக்கு மேல் வைக்காதீர்கள். பழைய காரின் பிரேக் கட்டையில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ வெளியேற்ற வேண்டாம், ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். பின்சக்கரத்து டிரம் பிரேக்கைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை.

வணக்கம்.